யாரோ நினைக்கிறார்கள் என்று விட்டுவிட்டோம்

போன வருடம் ஐப்பசியில் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை, வலது கால், பேச்சில் கொஞ்சம் குழறல். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். மதுரை செல்லூர் வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நாற்பது வருடம் தறி மிதித்த கால், சீக்கிரம் தேறிவிடும் என்று தெருவே சொன்னது. நாங்களும் கையையும் காலையும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். தொண்டையை யாரும் பார்க்கவில்லை.

தண்ணீர் குடித்தால் அவருக்குப் புரை ஏறும். அம்மா ஓடிப்போய் உச்சந்தலையில் தட்டுவாள். "சிங்கப்பூர்ல சின்னவன் நெனைக்கிறான் போல" என்பாள். சின்னவன் என் தம்பி. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தவள், என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் தட்டியிருக்கிறேன்.

மூன்றாவது வாரம் இருமல் குறைந்தது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் சாப்பாடு முடிய ஒரு மணி நேரம் ஆனது. சாப்பிட்ட பிறகு பேசினால் தண்ணீருக்குள் இருந்து பேசுகிற மாதிரி குரல் கொழகொழவென்று வந்தது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. சாயங்காலம் ஆனால் உடம்பு லேசாகச் சுட்டது. இதெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒருநாள் ராத்திரி மூச்சு இழுக்கவும் ஆட்டோ பிடித்து ஓடினோம். வலது நுரையீரலின் அடிப்பக்கம் நிமோனியா.

டியூட்டியில் இருந்த டாக்டர் முதலில் கேட்டது இதைத்தான்: "சாப்பிடும்போது இருமுவாரா?"

"பொரை ஏறும் டாக்டர். இப்ப கொஞ்ச நாளா இல்ல."

"இல்லையா?" என்று அவர் நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. இருமல் நின்றதுதான் மோசமான செய்தி என்பது அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. தொண்டையின் உணர்வு மங்கிவிட்டால், தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் உடம்புக்குத் தெரியாது. வெளியே தள்ள இருமலும் வராது. ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆரம்ப நாட்களில் விழுங்குவதில் ஏதோ ஒரு சிரமம் இருக்கிறது. பலருக்கு அது சில வாரங்களில் தானாகச் சரியாகிறது. அந்தச் சில வாரங்களுக்குள்தான் ஆபத்தும் இருக்கிறது.

விழுங்குவது எப்படி நடக்கிறது என்று அதற்குப் பிறகுதான் படித்தேன். மூச்சு போகிற வழியும் சோறு போகிற வழியும் தொண்டையில் ஒரே இடத்தில் குறுக்கிட்டுப் பிரிகின்றன. கவளம் நாக்கின் பின்பக்கம் வந்ததும் மூச்சு ஒரு கணம் நிற்க வேண்டும். குரல்நாண்கள் ஒட்டிக்கொள்ள வேண்டும், குரல்வளை மேலெழுந்து முன்னால் வர வேண்டும், அதன் மூடி கவிய வேண்டும், உணவுக்குழாயின் வாய் திறக்க வேண்டும். எல்லாம் சுமார் ஒரு நொடியில். மூளையிலிருந்து நேரடியாக வரும் ஐந்து ஜோடி நரம்புகள் இதற்காகச் சேர்ந்து வேலை செய்கின்றன.

அப்பாவுக்கு இதைத் தறியை வைத்துத்தான் சொன்னேன். மிதிப்பலகையை மிதித்தால் பாவு, அதாவது நீளவாட்டு இழைகள், இரண்டாகப் பிரிந்து வழி விடும். அந்த வழியில்தான் குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடா ஓட வேண்டும். பிரிவதற்கு முன்னாலேயே நாடா பாய்ந்துவிட்டால் இழை அறும். "உங்களுக்கு மிதி லேட்டா விழுதுப்பா. தண்ணி வேகமான நாடா. அதான்." அப்பா தலையாட்டினார். டாக்டர்கள் சொன்னபோது முகத்தில் வராத தெளிவு அப்போது வந்தது.

ஆக, முதல் ஆஸ்பத்திரியிலேயே வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடும் முன் யாராவது விழுங்கிப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். இது என் ஆதங்கம் மட்டும் என்றால் இங்கே எழுத மாட்டேன். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 ஸ்ட்ரோக் பிரிவுகளில் சாண்டி மிடில்டன் என்ற செவிலியர் துறைப் பேராசிரியர் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2011-ல் வெளியானது. புது மருந்தோ புது மெஷினோ இல்லை. காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் என்று மூன்றே விஷயங்களைச் செவிலியர்கள் ஒழுங்காகக் கவனிக்கும்படி செய்தார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் அடுத்தவர் துணையில்லாமல் இருக்க முடியாதவர்களும் சேர்ந்து வழக்கமான கவனிப்பில் 58 சதவீதம், இந்தக் கவனிப்பில் 42 சதவீதம். இந்த எண்களைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 90 மில்லி தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கவைத்து, இருமுகிறாரா, குரல் மாறுகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை 1992-லிருந்தே இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரும், பழகிய ஒரு நர்ஸும் போதும்.

இரண்டாவது ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு கொடுக்கும் ரைல்ஸ் டியூப் போட்டார்கள். பத்தொன்பது நாள் இருந்தது. அந்த நாட்களில்தான் "ஸ்பீச் தெரபிஸ்டைப் பாருங்க" என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்பாவுக்குப் பேச்சு ஓரளவு வந்துவிட்டதே, எதற்கு என்று நினைத்தேன். விழுங்கலைப் பார்ப்பதும் பயிற்றுவதும் இவர்கள் வேலைதான் என்பது நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் போன்ற இடங்களில் முறையாகப் படித்து வருகிறார்கள். எங்களுக்கு வந்தவர் என் மகள் வயதுப் பெண். அப்பாவை "ஐயா" என்றுதான் கூப்பிடுவார்.

கேமரா வைத்துப் பார்த்த நாளை விவரமாகச் சொல்ல வேண்டும். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய், அதன் நுனியில் வெளிச்சமும் கேமராவும். இந்தச் சோதனையை 1988-ல் அமெரிக்காவில் சூசன் லாங்மோர் என்பவர் எழுதி அறிமுகப்படுத்தினார். பேரியம் கலந்த உணவை எக்ஸ்ரே வீடியோவில் பார்ப்பது இன்னொரு முறை. இதில் எக்ஸ்ரே கிடையாது, கட்டிலிலேயே செய்யலாம். தண்ணீரிலும் தயிரிலும் பச்சைச் சாயம் கலந்திருந்தார்கள். திரையில் ஈரமான இளஞ்சிவப்பு நிறத்தில் அப்பாவின் தொண்டை. ஒரு ஸ்பூன் பச்சைத் தயிர் வந்தது, கொஞ்சம் ஓரத்தில் தங்கியது, அடுத்த விழுங்கலில் போய்விட்டது. அப்புறம் ஒரு ஸ்பூன் பச்சைத் தண்ணீர். விழுங்கத் தொடங்கும் முன்னாலேயே அது நாக்குக்குப் பின்னால் வழிந்தது. ஒரு பச்சைக் கோடு குரல்நாண்களுக்கு நடுவே இறங்கி உள்ளே மறைந்தது. நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். ஒரு செருமல்கூட இல்லை.

"இப்ப இருமுங்க ஐயா, நல்லா" என்றார் அந்தப் பெண். இருமியதும் கொஞ்சம் பச்சை மேலே வந்தது.

அப்போது ஆரம்பித்ததுதான் பதம் பார்க்கிற வேலை. தண்ணீர், காபி, மோர் எல்லாவற்றையும் கெட்டியாக்கித்தான் தர வேண்டும். எவ்வளவு கெட்டி? தோசை மாவு பதம் என்றால் யார் வீட்டுத் தோசை மாவு? உலகம் முழுவதும் இதே குழப்பம் இருந்திருக்கிறது, ஓர் ஊரில் தேன் பதம், இன்னோர் ஊரில் பழச்சாறு பதம் என்று. 2013-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி இட்ஸி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பொது அளவுமுறை ஒன்றை உருவாக்கத் தொடங்கினார்கள். சாதாரணத் தண்ணீர் 0, வழக்கமான சாப்பாடு 7, மொத்தம் எட்டுப் படிகள். அளக்க லேப் எதுவும் வேண்டாம். ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு ஒன்று போதும். அதில் மட்டும் ஒரு கவனம். 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், கம்பெனிக்குக் கம்பெனி நீளம் மாறும். நுனியை விரலால் அடைத்து, 10 கோடு வரை ஊற்றி, விரலை எடுத்துப் பத்து நொடி ஒழுகவிட வேண்டும். ஒரு மில்லிகூட மிஞ்சாவிட்டால் படி 0. 1 முதல் 4 மில்லி மிஞ்சினால் படி 1. 4 முதல் 8 வரை படி 2. அதற்கு மேல் மிஞ்சினால் 3. ஒழுகவே இல்லை என்றால் 4. அப்பாவுக்குச் சொன்னது படி 2.

சமையலறையில் நானும் அம்மாவும் வீட்டில் இருந்ததையெல்லாம் அளந்தோம். மோர் ஓடிப்போனது. ராகிக் கூழ் சூடாக இருக்கும்போது ஒரு படி, ஆறினால் அடுத்த படி. தெருமுனை வண்டியில் பருத்திப்பால் வாங்கி வந்து வடிகட்டி ஊற்றினேன். பத்து நொடியில் ஆறு மில்லி நின்றது. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கருப்பட்டியும் சுக்கும் போட்ட பருத்திப்பால் அப்பாவுக்கு உயிர். விலை கொடுத்து வாங்கிய கெட்டிப்படுத்தும் பொடி ஒரு டப்பா அலமாரியில் இருந்தபோது, நம்மூர் வண்டிக்காரர் அதே பதத்தைக் கிண்டிக்கொண்டிருந்திருக்கிறார்!

ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. தெரபிஸ்ட் வந்தபோது அப்பா குடித்துக்கொண்டிருந்த டம்ளரிலிருந்தே கொஞ்சம் எடுத்து அளந்து காட்டினார். இரண்டு மில்லிதான் நின்றது. பருத்திப்பாலைக் கெட்டியாக்குவது அரிசி மாவு. வாய்க்குள் போன ஸ்பூன் திரும்பத் திரும்ப டம்ளருக்குள் போகும்போது எச்சிலும் போகிறது. எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும். கஞ்சி சாப்பிடும் கிண்ணத்தில் கடைசியில் தண்ணீராக நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம், காரணம் இதுதான். சாந்தன் கம் என்ற பசையில் செய்த பொடிகளை எச்சில் அப்படி உடைக்காது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பருத்திப்பால் சின்னக் கிண்ணத்தில் நாலைந்து ஸ்பூனாக வரும், தீர்ந்தால் வேறு கிண்ணம், வேறு ஸ்பூன்.

ஜிகர்தண்டாவைப் பற்றி அப்பா கேட்டார். அதற்குப் பதில் ஒரே வார்த்தையில் வந்தது: கூடாது. நீர்த்த பால், அதில் வழுக்கும் பாதாம் பிசின், வாயில் வைத்ததும் உருகித் தண்ணீராகிற ஐஸ்கிரீம். பலவீனமான தொண்டைக்கு இரண்டு பதம் கலந்த உணவுதான் கஷ்டம், நீர் முதலில் ஓடிவிடும், கட்டி பின்னால் நிற்கும். சாம்பார் தனியாகப் பிரிந்து ஓடும் இட்லியும் அதே வகைதான். தயிர் விட்டு நன்றாகப் பிசைந்து குழைத்த சாதம் பரவாயில்லை.

இனி நான் சொல்லப்போவதில் எல்லா டாக்டர்களும் ஒத்துப்போக மாட்டார்கள். கெட்டித் தண்ணீர் என்பதை ஒரு நோயாளியின் வாழ்நாள் தண்டனையாக ஆக்கிவிடக் கூடாது. கெட்டித் தண்ணீர் தாகத்தைத் தீர்க்காது. அப்பா அதைக் குடித்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டு "தண்ணி" என்று கேட்பார். வீட்டில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டால்கூடத் திரும்பிப் பார்ப்பார். 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் பார்க்கின்சன் நோயோ மறதி நோயோ உள்ள 515 பேரை மூன்று மாதம் பார்த்தார்கள். சிலருக்கு மோவாயைத் தாழ்த்தி சாதாரணத் திரவம் குடிக்கும் முறை, சிலருக்குக் கெட்டித் திரவம். நிமோனியா வந்ததில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. உடம்பில் நீர் வற்றிப்போனது கெட்டித் திரவக்காரர்களுக்குத்தான் அதிகம். இதைப் படித்துவிட்டு வீட்டில் உடனே பொடியை நிறுத்தச் சொல்லவில்லை. திரையில் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்தவள் நான். ஆனால் "எவ்வளவு நாளைக்கு, அடுத்து எப்போது பார்ப்பீர்கள்" என்று கேட்காமல், கெட்டித் தண்ணீர் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டை வாங்கிக்கொண்டு வரக் கூடாது.

அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனை 1984-லேயே வேறு வழி ஒன்றை வைத்திருக்கிறது. சாப்பாட்டோடு கெட்டித் திரவம்தான். ஆனால் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து, வாயைச் சுத்தமாக்கிவிட்டு, வெறும் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். சுத்தமான தண்ணீர் சொட்டு உள்ளே போனால் நுரையீரல் அதைப் பெரும்பாலும் உறிஞ்சிவிடும். நிமோனியாவைக் கொண்டுவருவதில் பெரும்பங்கு அதோடு சேர்ந்து இறங்கும் வாய்க் கிருமிகளுக்குத்தான். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் பார்த்த ஆய்வு 2002-ல் வந்தது. உதவியாளர்கள் சாப்பாட்டுக்குப் பின் பல் துலக்கிவிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது, மற்றவர்களில் 19 சதவீதம். ஒரு டூத் பிரஷ் செய்த வேலை இது. எங்களுக்குப் பல் செட்டையும் நாக்கையும் ஒரு நாளைக்கு மூன்று முறை சுத்தம் செய்யச் சொன்னார்கள். ரைல்ஸ் டியூப் இருந்தபோது வாயால் சாப்பிடவில்லையே என்று நாங்கள் வாயைத் தொடவே இல்லை. அது எவ்வளவு பெரிய தப்பு என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

தெரபிஸ்ட் சம்மதித்த பிறகு, இரண்டாவது மாதம், நிமிர்ந்து உட்கார்ந்து, வாய் கழுவி, சின்ன டம்ளரில் வெறும் தண்ணீர் ஒரு வாய் குடித்தார் அப்பா. கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பயிற்சி என்று பார்த்தால் எங்கள் வீட்டில் நடந்தது ஒரு ரப்பர் பந்தை வைத்துத்தான். அமெரிக்காவின் மில்வாக்கியில் ரெஸா ஷேக்கர் என்ற டாக்டர் 1997-ல் எழுதிய பயிற்சி ஒன்று உண்டு. மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காமல், கால் விரலைப் பார்க்கிற மாதிரி தலையை மட்டும் தூக்கிப் பிடிப்பது. குரல்வளையை மேலே இழுக்கும் தசைகள் வலுவாகும், உணவுக்குழாயின் வாய் அகலமாகத் திறக்கும். அப்பாவுக்குக் கழுத்துத் தேய்மானம், அதனால் படுத்துத் தூக்க முடியாது. சிங்கப்பூரில் 2014-ல் வந்த மாற்று முறையைக் கொடுத்தார்கள். உட்கார்ந்தபடி மோவாய்க்குக் கீழே காற்றடைத்த பந்தை வைத்து மோவாயால் அமுக்குவது. ஒரு நிமிடம் அமுக்கிப் பிடித்து ஒரு நிமிடம் ஓய்வு, அப்படி மூன்று முறை. அப்புறம் முப்பது முறை அமுக்கி விடுவது. சிங்கப்பூர் என்றதும் அம்மா தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னாள். வாசல் திண்ணையில் அப்பா பந்தை அமுக்க, எதிர்வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து எண்ணுவார்கள். பிள்ளைகள் எண்ணினால் ஒன்றுகூட விடமாட்டார்.

மூளையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு அதிகம் தைரியம் கொடுத்தது அதுதான். மான்செஸ்டரில் ஷஹீன் ஹம்டி என்பவரின் குழு 1990-களில் கண்டது: விழுங்கலுக்கு மூளையின் இரண்டு பக்கமும் பொறுப்பு என்றாலும் ஒரு பக்கம் பெரும்பாலும் மூத்த பங்காளி. அந்தப் பக்கம் அடிபட்டால் தொண்டை தடுமாறும். பின்னால் சரியாகிறவர்களுக்கு, அடிபட்ட பக்கம் தேறுவதைவிட நல்ல பக்கம் அந்த வேலையை எடுத்துக்கொள்வதுதான் நடக்கிறது. தொண்டைக்குள் மெல்லிய கம்பி வழியாக லேசான மின்தூண்டல் கொடுக்கும் சிகிச்சை இந்தக் கண்டுபிடிப்பிலிருந்து வளர்ந்தது. 2016-ல் 162 ஸ்ட்ரோக் நோயாளிகளிடம் சோதித்தபோது பலன் தெரியவில்லை. 2018-ல், கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் வைத்திருந்த 69 ஸ்ட்ரோக் நோயாளிகளிடம் சோதித்தபோது, சிகிச்சை பெற்றவர்களில் 49 சதவீதம் பேருக்கு அந்தக் குழாயை எடுக்கலாம் என்ற நிலை வந்தது, பெறாதவர்களில் 9 சதவீதத்துக்கு. எல்லோருக்கும் ஆகிற வைத்தியமாக இன்னும் ஆகவில்லை. இணையத்தில் பார்த்துவிட்டுக் கண்ட மின்தூண்டல் கருவியை வாங்கிக் கழுத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் அடுப்படி மிளகிலும் ஒரு விஷயம் உண்டு. ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தார் 2006-ல் முதியோர் இல்லத்தில் இருந்த 105 பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு நிமிடம் மிளகு எண்ணெயை முகரச் செய்தார்கள், ஒரு மாதம். லாவண்டர் எண்ணெயோ வெறும் நீரோ முகர்ந்தவர்களைவிட மிளகு முகர்ந்தவர்களுக்கு விழுங்கல் சீக்கிரமாகத் தொடங்கியது. ஸ்பெயினின் மதாரோ நகரில் பேரே கிளாவேயின் குழு மிளகின் காரப்பொருளான பைப்பரினை உணவில் கலந்து கொடுத்தும் இதே திசையில் பலன் கண்டது. தொண்டையில் காரத்தை உணரும் நரம்பு முனைகள் விழிப்பதுதான் காரணம். நான் இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் உடனே மிளகு ரசம் வைக்கக் கிளம்பினாள். தடுத்துவிட்டேன். ரசம் படி 0, அதிலும் தக்காளிச் சக்கையும் மல்லித்தழையும் மிதக்கும். அப்பாவுக்கு அதைவிட ஆபத்தான பண்டம் எங்கள் அடுப்படியில் இல்லை.

மதுரையில் ஸ்ட்ரோக்குக்கு நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். அரசு இராசாசி மருத்துவமனைக்குச் சுற்றியிருக்கும் மாவட்டங்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் வந்த பிறகு பிசியோதெரபி வீடு தேடி வருகிறது. கையையும் காலையும் நீட்டி மடக்கும் அந்த அரை மணி நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கவைத்துக் குரலைக் கேட்கவும், வாயைத் திறந்து பார்க்கவும் பழக்கிவிட்டால் உசிலம்பட்டியிலும் மேலூரிலும் எத்தனையோ திண்ணைகளில் நிமோனியா தடுக்கப்படும் என்று நான் நம்புகிறேன். எங்கள் தெருவிலேயே பார்க்கின்சன் உள்ள ஒரு பாட்டிக்கும், வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்த ஒருவருக்கும் இதே தொந்தரவு. இரண்டு வீட்டுக்கும் நானே போய் சிரிஞ்சைக் காட்டினேன். வைத்தியம் சொல்லப் போகவில்லை, யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் போனேன். மாத்திரை விழுங்க முடியவில்லை என்று இடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை இடித்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் ஏறிவிடும், கடையிலோ டாக்டரிடமோ கேட்காமல் இடிக்கக் கூடாது.

அப்பா இப்போது படி 1-க்கு வந்திருக்கிறார். மூன்று கிலோ ஏறியிருக்கிறார். சாப்பாடு அரை மணி நேரத்தில் முடிகிறது. அடுத்த கேமராச் சோதனை தை பிறந்ததும். அதில் என்னென்ன கேட்க வேண்டும் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வருகிறோம். நேற்று என் எழுத்துக்குக் கீழே இடது கையால், பெரிசு பெரிசாக, கோணலாக ஒரு வரி சேர்ந்திருந்தது. "ரசம் எப்ப?"